மூன்றாம் கல்லிலிருந்து ஒன்பதாம் கல் வரை

வேலுத்தாயைப் பற்றி எழுத உட்கார்ந்தால் முதலில் என் கோபத்தைப் பற்றித்தான் எழுத வேண்டியிருக்கிறது. எனக்கு முன்கோபம் அதிகம். சிவகாசியில் முப்பது வருஷம் நர்சாக இருந்த என் அம்மா கனகமணி, "இவ மூக்கு நுனியில எப்பவும் ஒரு தீக்குச்சி எரிஞ்சுக்கிட்டே இருக்கும்" என்பார். அந்தக் கோபத்தை எம். புதுப்பட்டிப் பட்டாசுத் தொழிற்சாலை ஒன்றில் மருந்து சலித்துக்கொண்டிருந்த ஒரு பெண்ணின் மேல் கொட்டினேன். கொட்டிய பிறகு அதே பெண்ணின் முன்னால் தலைகுனிந்து நின்றேன். இரண்டையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன்.

என் பெயர் ஜாஸ்பின். ஐதராபாத்தில் ஓர் ஆய்வுக்கூடத்தில் புவிவேதியியல் ஆராய்ச்சி செய்கிறேன். சொந்தக்காரர்கள் இதைக் 'கல்லுப் படிப்பு' என்று சொல்லிவிட்டு அடுத்த பேச்சுக்குப் போய்விடுவார்கள். கோள்களின் உள்வயிறு காலப்போக்கில் எப்படி மாறியது என்பதுதான் என் விஷயம். பூமி பிறந்த புதிதில் முழுக்க உருகிய குழம்பு. கனமான இரும்பு அடியில் இறங்கியது, இலேசானவை மேலே வந்தன, காய்ச்சிய பாலில் ஆடை படிகிற மாதிரி மேலே ஒரு தோல் படிந்தது. நிலாவிலும் செவ்வாயிலும் நடந்தது ஏறக்குறைய இதே கதைதான். அவை சிறியவை, சீக்கிரம் ஆறிப்போயின. பூமி பெரியது, இன்னும் ஆறவில்லை. இன்றைக்கும் உள்ளே உருகுவதும் ஏறுவதும் இறங்குவதும் நடந்துகொண்டேதான் இருக்கிறது.

எந்தப் பொருள் எப்போது மேலே வந்தது என்பதற்குக் கல்லைத் தவிர வேறு சாட்சி கிடையாது. கல்லுக்குள் ஸ்ட்ரான்சியம் என்றொரு தனிமம் உண்டு. எடையில் சற்றே வேறுபட்ட சில வகைகள் அதில் இருக்கின்றன. மேல்தோலிலேயே நெடுங்காலம் கிடந்த கல்லில் ஒரு வகை மெல்ல மெல்லக் கூடிக்கொண்டு போகும். ஆழத்திலிருந்து புதிதாக ஏறி வந்த பொருளில் அது குறைவாக இருக்கும். அந்த விகிதத்தை ஐந்தாறு தசம இடம் வரை அளக்கும் இயந்திரம் எங்களிடம் இருக்கிறது. ஒரு கரண்டிக் கல்மாவைக் கொடுத்தால் அது கோடிக்கணக்கான வருஷத்துக் கதையைச் சொல்லும். இதை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் மேல் சிலிர்க்கும். வேலையில் சேர்ந்து பத்து வருஷம் ஆகியும் இந்தச் சிலிர்ப்பு மட்டும் பழகிப்போகவில்லை.

இதில் வேடிக்கை, நான் தேடிக்கொண்டிருந்த கல் என் சொந்த ஊர்ப் பக்கமே கிடந்தது. மல்லாங்கிணற்றுக்கு மேற்கே கைவிடப்பட்ட ஒரு கல்குவாரி. கருவேல முள்ளை விலக்கிக்கொண்டு இறங்கினால், ஒரு காலத்தில் முப்பது கிலோமீட்டர் ஆழத்தில் வெந்துகொண்டிருந்த பாறை. மேலே இருந்ததெல்லாம் கோடி கோடி வருஷ மழையிலும் காற்றிலும் தேய்ந்துபோக, அடியில் கிடந்தது வெளியே வந்துவிட்டது. பள்ளிக்கூடம் படிக்கும்போது அந்த வழியாக எத்தனை தடவை பஸ்ஸில் போயிருப்பேன், ஒரு தடவைகூடத் தலையைத் திருப்பிப் பார்த்ததில்லை.

2004 தீபாவளி முடிந்த மறுவாரம் அந்தக் குவாரியிலிருந்து ஒன்பது கற்கள் எடுத்தேன். ஒவ்வொன்றும் இருபது கிலோ. அவற்றை உடைத்து, இடித்து, சலித்து, சீராகக் கலந்து, பொடியில் ஒரு பங்கை மட்டும் ஐதராபாத்துக்குக் கொண்டுபோக வேண்டும். எங்கள் கூடத்தில் கல் உடைக்கும் இயந்திரம் பழுது. ஊரிலேயே கையால் உடைத்துவிடலாம், ஆள்தான் வேண்டும் என்றேன். "வேலுத்தாயக் கூப்புடு. இப்ப கம்பெனியெல்லாம் லீவுதான. மருந்து சலிக்கதுல அவள மிஞ்ச ஆளில்ல" என்றார் அம்மா.

இரண்டு வருஷத்துக்கு முன் வேலுத்தாய் வேலை பார்த்த ஷெட்டுக்குப் பக்கத்து ஷெட்டு வெடித்தது. முதுகில் தீக்காயத்தோடு வந்த அவருக்குக் கட்டுப்போட்டு விட்டவர் அம்மா. காயம் ஆறியது, ஆனால் இடது காது கேட்காமல் போனது போனதுதான். மூன்று மாதத்தில் மறுபடி அதே வேலைக்குப் போய்விட்டார். மருந்து அறை வேலைக்குப் பெண்கள் போவது குறைவு. முதலில் கணவர்தான் போய்க்கொண்டிருந்தார், அவருக்கு இருமல் வந்து பிரஸ்ஸில் லோடு ஏற்றும் வேலைக்கு மாறியபோது அந்த இடத்துக்கு இவர் போனார். நான் கூப்பிட்டபோது அங்கே சேர்ந்து பதினான்கு வருஷம் ஆகியிருந்தது.

வந்த முதல் நாளே என்னைத் திகைக்க வைத்தார். எங்கள் வீட்டுக் கொல்லையில் இரும்பு உரல், உலக்கை, சுத்தியல் எல்லாம் எடுத்து வைத்திருந்தேன். வேலுத்தாய் செருப்பை வெளியே விட்டார். கொண்டை ஊசி, சேலையில் குத்தியிருந்த ஊக்கு, வளையல் எல்லாவற்றையும் கழற்றி அம்மாவிடம் கொடுத்தார். "தண்ணி வாளி எங்கன இருக்கு? மண்ணு வாளி?" என்று கேட்டார். கல் உடைக்க எதற்கு இத்தனை சடங்கு என்று நினைத்துக்கொண்டே நான் சுத்தியலை எடுத்து ஒரு கல்லின் மேல் ஓங்கி ஓர் அடி வைத்தேன். பளீரென்று ஒரு பொறி பறந்தது.

திரும்பிப் பார்த்தால் வேலுத்தாய் இல்லை. துணி துவைக்கும் கல்லுக்குப் பின்னால் காதைப் பொத்திக்கொண்டு தரையோடு தரையாகப் படுத்திருந்தார். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவர் எழுந்தபோது முகத்தைப் பார்த்தேன், சிரித்ததற்காகக் கூசிப்போனேன்.

"கோவிச்சுக்கிடாதீக டீச்சர். பதினாலு வருசமா இரும்பும் கல்லும் ஒன்னோட ஒன்னு தொட விட்டதில்ல. பொறியக் கண்டா ஒடம்பு தன்னால விழுந்துருது" என்றார். நான் டீச்சர் இல்லை என்று எத்தனையோ தடவை சொல்லிப் பார்த்தேன். கிறிஸ்தவ வீட்டில் படித்த பெண் என்றால் ஊர்க்காரர்கள் கணக்கில் ஒன்று நர்ஸ், இல்லாவிட்டால் டீச்சர்.

ஒரு மணி நேரம் கண்ணை மூடிக்கொண்டே அடித்தார். பிறகு ஒரு கண்ணைத் திறந்தார். சாயங்காலத்துக்குள் அடி இடி போல விழுந்துகொண்டிருந்தது.

அவருடைய அசல் திறமை கலக்குவதில் தெரிந்தது. கல்லில் கறுப்பு மணியும் வெள்ளை மணியும் தனித்தனியாக இருக்கும். இடித்த பிறகு எந்த இடத்தில் ஒரு பிடி அள்ளினாலும் ஒரே மாதிரி இருக்க வேண்டும், இல்லையென்றால் அளப்பதே வீண். இதை அவருக்குச் சொல்லிக்கொடுக்க ஆரம்பித்தேன். அவர் பெரிய காக்கித் தாளை விரித்து, பொடியைக் கொட்டி, ஒரு மூலையைத் தூக்கி எதிர் மூலைக்கு உருட்டினார், அடுத்த மூலை, அதற்கடுத்த மூலை. அவசரமில்லை, தூசி பறக்கவில்லை. "வாணம் ஒரு பக்கம் செவப்பாவும் ஒரு பக்கம் வெளிறியும் எரிஞ்சா போர்மேன் கிளிச்சுருவாரு டீச்சர். மருந்து ஒன்னுபோலக் கலக்கணும்" என்றார். ஒரே கல்லிலிருந்து அவர் அள்ளிக் கொடுத்த இரண்டு பிடிகளை ஐதராபாத்தில் அளந்தபோது நான்காவது தசமம் வரை ஒத்துப்போயின. எங்கள் இயந்திரத்தில் கலக்கியதுகூட அப்படி வந்ததில்லை.

ஒரு நாள் மதியம் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது கேட்டார்.

"இந்தக் கல்லு எம்புட்டு ஆளத்துல இருந்துச்சுன்னீக?"

"முப்பது கிலோமீட்டர்க்கா."

"சிவகாசிக்கும் விருதுநகருக்கும் உள்ள தூரமா?"

"ஆமா. ஆனா நேரா கீழ."

அவர் கை சோற்றிலேயே நின்றுவிட்டது. தரையைப் பார்த்தார். உட்கார்ந்திருந்த இடத்திலிருந்து கொஞ்சம் நகர்ந்துகொண்டார். "கீளயும் அம்புட்டு ஊரு இருக்கா" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். நான் பேசப்போன எந்தக் கல்லூரி வகுப்பிலும் ஒருவர்கூட இந்தத் தூரத்தைக் கேட்டு நகர்ந்து உட்கார்ந்ததில்லை.

நடுவில் ஒரு வாரம் நான் ஐதராபாத் போக வேண்டியிருந்தது. திரும்பி வந்தபோது ஒன்பது கல்லும் பொடியாகி, எண் ஒட்டிய டப்பாக்களில் வரிசையாக இருந்தன. எடுத்துக்கொண்டு கிளம்பினேன்.

ஏப்ரலில் முடிவுகள் வந்தன. ஒன்றாம் கல்லும் இரண்டாம் கல்லும் நான் நினைத்தபடியே இருந்தன. மூன்றாம் கல்லிலிருந்து ஒன்பதாம் கல் வரை விகிதம் தடாலென்று கீழே இறங்கியிருந்தது. ஸ்ட்ரான்சியம் அளவு ஏறக்குறைய இரண்டு மடங்கு, பேரியமும் ஏறியிருந்தது. நாற்காலியில் உட்கார முடியவில்லை, எழுந்து நடந்தேன். பூமியின் ஆழத்திலிருந்து ஒரு கரைசல் மேலே ஏறி வந்து, வழியில் இருந்த பாறையை நனைத்துவிட்டுப் போனால் இப்படித்தான் இருக்கும். இரண்டு தனிமமும் சேர்ந்து கூடும், விகிதம் இறங்கும். பூமியின் அடிவயிறு விட்ட மூச்சு மல்லாங்கிணற்றுக் கல்லில் பதிந்திருக்கிறது என்று நம்பினேன். அன்றைக்கு எனக்கிருந்த சந்தோஷத்தை இப்போது நினைத்தால் என் மேலேயே பரிதாபம் வருகிறது.

நியோடிமியம் என்ற இன்னொரு தனிமம் மட்டும் வேறு கதை சொன்னது. கல் பழையது, புதிதாக எதுவும் உள்ளே வரவில்லை என்றது. நான் அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை. பெங்களூரில் ஆகஸ்டில் நடக்கும் கூட்டத்தில் படிக்க எழுதி அனுப்பினேன், ஏற்றுக்கொண்டார்கள்.

அதே சமயத்தில் விருதுநகர்க் கல்லூரி ஒன்றில் எங்கள் திட்டத்தின் கிளையாகக் கல் உடைத்துப் பொடி செய்யும் கூடம் ஒன்று தொடங்கினார்கள். அங்கே துறைத்தலைவர் நல்லசிவம். உதவியாளர் வேலைக்கு மூன்று வருஷத்துக்கு ஒரு இடம் இருந்தது. வேலுத்தாயின் பெயரைச் சொல்லி, அவர் கலக்கிய பொடியின் எண்களையும் காட்டினேன். நல்லசிவம் சம்மதித்து ஆணையில் கையெழுத்துப் போட்டார். அதை நானே கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும் என்று ஜூன் மாதம் ஊருக்கு வந்தேன்.

புதுப்பட்டியில் கம்பெனி வேன் வந்து நின்று பெண்கள் இறங்கினார்கள். முகம், புருவம், கழுத்து எங்கும் வெள்ளிப்பொடி என்கிற அலுமினியத் தூள். வேலுத்தாய் குளித்துவிட்டு வந்து ஆணையை எழுத்துக் கூட்டிப் படித்தார். எட்டாவது வரை படித்தவர். படித்து முடித்ததும் மறுபடி முதலிலிருந்து படித்தார்.

"இனி மருந்து ரூமுக்குப் போக வேண்டாமா டீச்சர்?"

"வேண்டாம்க்கா. திங்கக்கிழமை விருதுநகருக்கு வந்துருங்க."

"காலையில வேன் ஏறயில ஒரு பயம் வரும். சாயங்காலம் எறங்குற வரைக்கும் போகாது. மூணு வருசமா வீட்டுல யாருகிட்டயும் சொன்னதில்ல" என்றார். பத்தாவது படிக்கும் மகள் பானுப்பிரியா அம்மாவின் தோளுக்குப் பின்னாலிருந்து எட்டிப் பார்த்து அந்தத் தாளைத் தொட்டாள். அவள் பத்தாவது முடித்ததும் கம்பெனிக்குக் கூட்டிக்கொண்டு வரச்சொல்லிப் போர்மேன் ஏற்கெனவே சொல்லிவைத்திருந்தார். மருந்து அறையை விட்டு வெளியே வர வேலுத்தாய்க்கு இருந்த ஒரே வழி இந்தத் தாள். அது எனக்கும் நன்றாகத் தெரியும்.

சந்தோஷத்தில் நான் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்கவில்லை. அவர் உடைத்த கல்லில் என்ன கிடைத்தது தெரியுமா என்று ஆரம்பித்தேன். ஆழத்துக் கரைசல், விகிதம் எல்லாம் கையை ஆட்டி ஆட்டிச் சொன்னேன். "ஸ்ட்ரான்சியம் ரெண்டு மடங்கு இருக்குக்கா. பேரியமும்" என்றேன்.

வேலுத்தாயின் முகம் மாறியது. "ஸ்ட்ரான்சியமா? அது எங்க சாமானுல டீச்சர்? செவப்புக்கு ஸ்ட்ரான்சியம், பச்சைக்கு பேரியம். மூடை மேலயே எளுதியிருக்கும்" என்றார். பிறகு, "எந்தக் கல்லுல?" என்று கேட்டார்.

"மூணுலேர்ந்து ஒன்பது வரைக்கும்."

ஆணை அவர் கையில் இருந்தது. அதை ஒரு தடவை பார்த்தார். அவர் அப்போது பேசாமல் இருந்திருந்தால் யாருக்கும் எதுவும் தெரிந்திருக்காது. திங்கட்கிழமை விருதுநகர் போயிருப்பார்.

"மூணாவது கல்லு சலிக்கயிலதான் நீங்க குடுத்த நைலான் சல்லடை கிளிஞ்சுச்சு. நீங்க ஊருல இல்ல. வேல நின்னுரக் கூடாதேன்னு எங்க வீட்டுல இருந்த என் பித்தளைச் சல்லடைய எடுத்துட்டு வந்தேன். சாம்பல் போட்டு ஏளு தடவ கழுவித்தான் கொண்டாந்தேன் டீச்சர். நாங்க சோறு திங்குற தட்டக்கூட அம்புட்டுக் கழுவினதில்ல. ஆனா அதுலதான் மணிமருந்து சலிச்சிருக்கேன்."

அதாவது வாணத்துக்குள் வைத்து வண்ணமாக எரியவிடும் உருண்டைகளுக்கான மருந்து. அதில் பிசின் கலந்திருப்பார்கள். பிசினோடு கம்பிச் சந்தில் ஒட்டியது சாம்பலுக்கும் தண்ணீருக்கும் அசையாது. அந்த நிமிஷமே எனக்கு எல்லாம் விளங்கிவிட்டது. பூமியின் அடிவயிறு விட்ட மூச்சு என்று நான் கொண்டாடியது தீபாவளி வாணத்தின் சிவப்பும் பச்சையும்.

"யாரு உங்கள அத எடுக்கச் சொன்னது?" என்று கத்தினேன். "ஏழு மாச வேலை போச்சுக்கா! ஒரு வார்த்தை கேக்கக் கூடாதா? என் மானமே போச்சு!" தெருவில் போனவர்கள் நின்று பார்த்தார்கள். பானுப்பிரியா எனக்கென்று வாங்கிவந்த கலர் சோடாவை நீட்டியபடியே நின்றாள்.

வேலுத்தாய் ஆணையை நான்காக மடித்து என்னிடம் நீட்டினார். "இந்தாங்க டீச்சர்" என்றார்.

நான் வாங்கிக்கொண்டேன். அதை எழுதும்போது கை கூசுகிறது, ஆனால் வாங்கிக்கொண்டுதான் வந்தேன்.

வீட்டுக்கு வந்து அம்மாவிடம் பொருமித் தீர்த்தேன். அவர் கடைசி வரை கேட்டுவிட்டு, "ஏடி, அவ சொல்லாட்டி உனக்குத் தெரிஞ்சிருக்குமா?" என்றார். தெரிந்திருக்காது. பெங்களூரில் முந்நூறு பேர் முன்னால் வாணத்தைப் பூமியின் ஆழம் என்று படித்துவிட்டு வந்திருப்பேன். "கையில வேல உத்தரவ வச்சுக்கிட்டுச் சொல்லியிருக்கா. நீ அதப் புடுங்கிட்டு வந்திருக்க" என்றார். எனக்கு அழுகை வந்துவிட்டது.

மறுநாளே போய் மன்னிப்புக் கேட்டேன். "அதுக்கென்ன, உங்க பொளப்பு" என்று சொல்லிவிட்டு, சல்லடையை எடுத்துத் தாளில் சுற்றி என்னிடம் கொடுத்தார். ஐதராபாத்தில் அந்தக் கம்பிச் சந்திலிருந்து சுரண்டிய பிசினை அளந்தோம். ஏழு கல்லும் எந்த எண்ணை நோக்கி இறங்கியிருந்தனவோ அதே எண் வந்தது. கூட்டத்துக்கு அனுப்பிய கட்டுரையைத் திரும்பப் பெற்றுக்கொண்டேன்.

நல்லசிவத்திடம் நடந்ததை ஒளிக்காமல் சொன்னேன். "சொன்னது பெரிய குணம்தான். ஆனா அந்தம்மா சல்லடை மட்டுமா? பதினாலு வருஷம் மருந்துல இருந்தவங்க. கையில என்ன இருக்குன்னு உங்களுக்குத் தெரியுமா?" என்று கேட்டார். எனக்குக் கோபம் வந்தது. ஆனால் கேள்வி சரியானது. அளந்து காட்டுகிறேன் என்று சவாலாகச் சொல்லிவிட்டு, சுத்திகரித்த தண்ணீர் ஒரு குப்பி கொண்டுபோய் வேலுத்தாயைக் கையை நனைக்கச் சொன்னேன். சோப்புப் போட்டு முழங்கை வரை தேய்த்துக் கழுவிய கை. வெறும் தண்ணீரில் இருப்பதைப்போல நானூறு மடங்கு ஸ்ட்ரான்சியம் இருந்தது.

என் கையையும் நனைத்துப் பார்த்தேன். இரண்டு வாரம் சிவகாசியில் இருந்த கை, மருந்து மூட்டையைத் தொட்டதே இல்லை. ஆறு மடங்கு. அம்மாவின் கையில் பதினொன்று. ஊர்க் காற்றில், வேன் சீட்டில், கடைக்காரர் கொடுக்கும் சில்லறையில் எங்கள் ஊரின் வண்ணம் இருக்கிறது. அதைப் பார்க்கிற கண்ணை நாங்கள் ஐதராபாத்தில் ஒரு அறைக்குள் பூட்டி வைத்திருக்கிறோம்.

நல்லசிவம் எண்ணைப் பார்த்தார். "இது பத்துக்குக் கீழ எறங்கட்டும், அப்ப வரட்டும். அதுவரைக்கும் எடத்த வேற ஆளுக்குக் குடுக்க மாட்டேன்னு சொல்ல முடியாது" என்றார்.

எண் இறங்க வேண்டுமென்றால் வேலுத்தாய் முதலில் மருந்து அறையை விட்டு நிற்க வேண்டும். நின்ற பிறகு அந்த இடம் இருக்குமா என்று தெரியாது. இருப்பதையும் விட்டுவிட்டு நிற்க நேரலாம். இதை இப்படியே அவரிடம் சொன்னேன். அவர் கேட்டது ஒரே ஒரு கேள்வி.

"எறங்குமா டீச்சர்?"

"தோல் உரிஞ்சு புதுசா வரும். நகம் வளந்து மாறும். எறங்கணும்."

அடுத்த வாரம் போர்மேனிடம் சொல்லிவிட்டு நின்றார். வீட்டிலிருந்தபடி வெறும் காகிதக் குழாய் சுற்றும் வேலையை எடுத்துக்கொண்டார், அதில் மருந்து கிடையாது. மாதம் ஒரு குப்பியில் கை நனைத்த தண்ணீர், அம்மா மூலம் எனக்கு வரும். முதல் மாதம் நூற்றுத் தொண்ணூறு. இரண்டாவது மாதம் இருநூற்றுப் பத்து. ஏன் ஏறியது என்று எனக்குப் புரியவில்லை, அவருக்குத்தான் புரிந்தது. வேலைக்குக் கட்டிப்போன பழைய சேலைகளை வெட்டித் தலையணைக்குள் வைத்துத் தைத்திருந்தார். தலையணையை எரிக்கவும் பயம், மருந்து குபீரென்று பத்திக்கொண்டுவிட்டால் என்ன ஆவது என்று தண்ணீரில் ஊறவைத்துக் குழிதோண்டிப் புதைத்தார். சுவரைச் சுரண்டிச் சுண்ணாம்பு அடித்தார்கள். மூன்றாவது மாதம் எண்பத்திரண்டு.

அந்த மாதங்களில் ஏழு கல்லையும் நானே மறுபடி உடைத்தேன். உள்ளங்கை முழுக்கக் கொப்புளம். நான் கலக்கிய பொடி பிடிக்குப் பிடி வேறு எண் காட்டியது. மூன்று தடவை திரும்பக் கலக்க வேண்டியிருந்தது. கடைசியில் கல் தன் உண்மையான கதையைச் சொன்னது. ஆழத்துக் கரைசல் எதுவும் வரவில்லை. அந்தப் பொருள் பூமியின் அடிவயிற்றிலிருந்து பிரிந்து மேல்தோலுக்கு வந்து இருநூற்றைம்பது கோடி வருஷம் ஆகியிருந்தது. பிறகு மறுபடி கீழே அமுங்கி, ஐம்பத்தைந்து கோடி வருஷத்துக்கு முன் ஆயிரம் டிகிரிச் சூட்டில் வெந்திருக்கிறது. என் கண்டுபிடிப்பு போனதில் எனக்கு வருத்தம் உண்டு. ஆனால் இந்தக் கதை அதைவிடப் பெரியதாக இருந்தது.

ஊருக்கு வந்தபோது வேலுத்தாயிடம் அதைச் சொன்னேன். குழாய் சுற்றிய கை நின்றது.

"அம்புட்டுச் சூட்டுல கெடந்தும் தன் வயச மறக்கலையா?"

"மறக்கலக்கா."

"நல்ல கல்லு" என்றார். அவருக்கு அந்தக் கல்லின் மேல் ஒரு மரியாதை வந்துவிட்டது என்று தோன்றியது. எனக்கும்தான்.

விருதுநகர்க் கூடத்தில் இதற்குள் இரண்டு பேரை வைத்துப் பார்த்துவிட்டார்கள். ஒருவர் பத்து நாளில் கை வலிக்கிறதென்று போனார். இன்னொருவர் கலக்கிய பொடி என் பொடியைவிட மோசம். நல்லசிவம் என்னைக் கூப்பிட்டு, வேறு எதையோ பேசிவிட்டுப் போகிறபோக்கில் கேட்பதுபோல, "அந்தம்மா எண் எம்புட்டுல இருக்கு?" என்று கேட்டார். டிசம்பரில் பத்தொன்பது. ஜனவரியில் பன்னிரண்டு. அதற்கு மேல் இறங்காமல் நின்றுவிட்டால் அவரிடம் என்ன சொல்வது என்று தெரியவில்லை. அம்மாவின் கையே பதினொன்றுதானே.

2006 பிப்ரவரி பதினான்காம் தேதி காலையில் எட்டாவது குப்பியை அளந்தேன். ஐந்து. நம்பாமல் திரும்ப அளந்தேன். ஐந்துதான். சிவகாசியில் வேலை பார்க்காத என் கையைவிடக் குறைவு. அந்த மாதம் முழுக்க அவர் வேன் ஏறவில்லை, சில்லறைகூடத் தொடவில்லை என்று அம்மா சொல்லியிருந்தார். நல்லசிவத்துக்குப் போன் போட்டேன், "வரச்சொல்லுங்க" என்றார். புதுப்பட்டியில் வேலுத்தாய் வீட்டுக்கு நாலு வீடு தள்ளி ஒரு டெலிபோன் பூத் இருந்தது. ஆளனுப்பிக் கூப்பிடச் சொல்லிவிட்டுக் காத்திருந்தேன். ஓடிவந்த மூச்சிரைப்பு முதலில் கேட்டது. கேட்கிற வலது காதில் ரிசீவரை வைத்துக்கொள்ளும் சத்தமும் கேட்டது.

"அஞ்சுக்கா" என்றேன்.

லைனில் ஒரே இரைச்சல், காதில் விழுந்ததோ என்னவோ என்று மறுபடி சொன்னேன்.

"அக்கா? எறங்கிருச்சு. கையில ஒன்னுமில்ல."

"உள்ள?" என்று கேட்டார். "ஒடம்புக்குள்ள போனது?"

பொய் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. எனக்காக ஒரு வேலையையே திருப்பிக் கொடுத்தவரிடம் எப்படிச் சொல்வது. "எலும்புல கொஞ்சம் தங்கியிருக்கும்க்கா. அது போக ரொம்ப வருஷம் ஆகும்."

வேலுத்தாய் சிரித்தார். எட்டு மாதத்தில் அவர் சிரித்து நான் கேட்டது அதுதான் முதல் தடவை.

"இருந்துட்டுப் போகட்டும் டீச்சர். எலும்பாலயா கல்லத் தொடப் போறேன்? நாளைக்கே வந்துரவா?"